டொக்டர் ஒண்டு சொல்லுறார், டயட்டீசியன் இன்னொண்டு சொல்லுறா

நிலாவெளி மகள்:
அம்மாக்கு 62 வயசு, சீனி வருத்தம். கிளினிக்ல ரெண்டு நேரமும் மிக்ஸ்டாட் எண்ட கலவை இன்சுலின் ஊசி. போன மாசம் ஒரு டயட்டீசியனிட்ட காட்டினம், அவ இரவுப் புட்டைப் பாதியாக் குறைக்கச் சொன்னா, அம்மாவும் அப்பிடியே செய்தா, மூண்டாம் நாள் விடியப்புறம் வேர்த்து ஊத்தி சட்டையெல்லாம் ஈரம், குத்திப் பாத்தா சீனி 54 க்கு இறங்கீட்டுது! சீனித்தண்ணி குடுத்துத்தான் எழும்பினவ. இப்ப ஆர் சொல்லுறதைக் கேக்கிறது?

உப்புவெளித் தம்பி:
அக்கா, ரெண்டு பேரும் சொன்னது சரிதான், ஒராள் செய்யிறது மற்றாளுக்குத் தெரியேல்ல. மாச்சத்தைக் குறைச்சா இன்சுலின் அளவையும் திரும்பப் பாக்கவேணும், அது டொக்டர்ட வேலை, நீங்களாக் குறைச்சுப் போடாதீங்கோ. 54 வந்ததைக் கட்டாயம் சொல்லுங்கோ, அடுத்த கிளினிக் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதீங்கோ. டயட்டீசியன்ர துண்டைக் கிளினிக் கொப்பியில ஒட்டிக் கொண்டு போங்கோ.

கிண்ணியா டீச்சர்:
எங்கட வாப்பாக்கு கிட்னி வருத்தம், பிரஷருக்கு லொசாட்டன். அந்த மருந்துக்கு பொட்டாசியம் ஏறலாம். ரிப்போர்ட்ல கூடினதும் டொக்டரே டயட்டீசியனுக்கு ஒரு துண்டு எழுதிக் குடுத்தார், அவங்க பொட்டாசியம் கூடின இளநீர நிப்பாட்டி, மரக்கறிய நிறையத் தண்ணில அவிச்சு, தண்ணிய ஊத்திட்டு கறி வைக்கச் சொன்னாங்க. ருசி கொஞ்சம் மட்டம்தான், ஆனா அடுத்த ரிப்போர்ட் நல்லம்.

நிலாவெளி மகள்:
நாளைக்கே கொப்பியோட போறன். அம்மா இப்பவே புட்டைத் திரும்பக் கேக்கத் தொடங்கிட்டா 😄