32-பிட் ஏஆர்எம் போர்டு: பூட் ஆகி 5 நிமிடம் வரை சென்சார் டிரைவர் 0 மட்டுமே தருகிறது

கேள்வி:
லினக்ஸ், 32-பிட் ஏஆர்எம், ஹெச்இசட் (வினாடிக்கு எத்தனை டைமர் டிக்) 100. வெப்பநிலை சென்சார் டிரைவர். அப்ளிகேஷன் 10 வினாடிக்கு ஒருமுறை கேட்கிறது. கடைசியாகப் படித்து 2 வினாடி தாண்டியிருந்தால்தான் டிரைவர் ஐ2சி-யில் (சென்சாரை இணைக்கும் பஸ்) போய்ப் படிக்கும். அதற்கான மேக்ரோ: டைம்_ஆஃப்டர்(ஜிஃபீஸ், லாஸ்ட் + 2 * ஹெச்இசட்). ஜிஃபீஸ் கர்னலின் டிக் கவுன்டர். லாஸ்ட் என்பது கடைசியாகப் படித்தபோது இருந்த ஜிஃபீஸ், ஒரு அன்சைன்ட் லாங் (நெகட்டிவ் இல்லாத முழு எண்). ஸ்ட்ரக்ட் பூஜ்யம் நிரப்பி ஒதுக்கியது. பூட் ஆகி சுமார் 302 வினாடி வரை 0 டிகிரிதான் வருகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. 64-பிட் மெஷினில் இந்தச் சிக்கலே இல்லை. மேக்ரோவை எடுத்துவிட்டு நேரடியாக > போட்டால் போர்டிலும் உடனே படிக்கிறது. அப்படியே விடலாமா?

பதில் 1:
வேண்டாம் நண்பரே. மேக்ரோ சரிதான், லாஸ்ட் 0-வில் தொடங்குவதுதான் கோளாறு.

ஜிஃபீஸ் 0-வில் தொடங்குவதில்லை. கர்னல் அதை வேண்டுமென்றே -300 * ஹெச்இசட்டில் வைக்கிறது. உங்களுக்கு -30000, அதாவது 32-பிட் அன்சைன்டில் 4294937296. கவுன்டர் சுற்றி வரும்போது உடையும் கோடு 497 நாள் ஒளிந்திருக்காமல் 5 நிமிடத்திலேயே மாட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மிக நல்ல ஏற்பாடு. மேக்ரோ இரண்டையும் அன்சைன்டாகக் கழித்து, விடையை மட்டும் சைன்ட் லாங்காகப் பார்க்கிறது. 200-இலிருந்து (லாஸ்ட் 0 + 2 * 100) -30000 போனால் 30200, நெகட்டிவ் இல்லை. ஆகவே "நேரம் இன்னும் வரவில்லை". 300 வினாடியோடு உங்கள் 2 வினாடியும் சேர்ந்து 302. 64-பிட்டில் அதே 4294937296 லாங்குக்குள் பாசிட்டிவாகவே அடங்கிவிடுகிறது, அதனால் தெரியவில்லை.

இப்போது > போட்டதைப் பாருங்கள். லாஸ்ட் 4294967000 என்று வையுங்கள். 10 வினாடி கழித்து ஜிஃபீஸ் சுற்றி 704 ஆகியிருக்கும். 704 > 4294967200? இல்லை. கவுன்டர் மறுபடி அந்த உயரத்துக்கு ஏறும்வரை, ஏறக்குறைய 497 நாள், பழைய வெப்பநிலையே வரும். பூட்டில் தெரிகிற 0-வைவிட இது ஆபத்து. எண் நம்பும்படி இருக்கும்.

திருத்தம்: ஸ்ட்ரக்டில் வேலிட் என்று ஒரு பூலியன் சேர்த்து, "வேலிட் இல்லை அல்லது டைம்_ஆஃப்டர்" என்று கேளுங்கள். படிப்பு வெற்றியானால் மட்டும் ட்ரூ ஆக்குங்கள். கர்னலின் ஹெச்டபிள்யூமான் (வன்பொருள் கண்காணிப்பு) டிரைவர்கள் பலவற்றில் இதே வடிவம்தான்.

பதில் 2:
லாஸ்ட்டை இன்ட்டாக மாற்றிவிடாதீர்கள். 64-பிட்டில் மேல் பாதி வெட்டுப்பட்டு, நேரம் எப்போதும் கடந்ததாகவே தெரியும். ஒவ்வொரு அழைப்பும் ஐ2சி-க்குப் போகும்.

கேட்டவர்:
வேலிட் சேர்த்தேன், முதல் படிப்பே சரி. 300-வது வினாடியைத் தாண்டியும் ஓடுகிறது. யாரும் மாதக்கணக்கில் படிக்காமல் விட்டால்?

பதில் 1:
இடைவெளி 2^31 டிக்கைத் தாண்டினால் கழித்த விடையின் குறி புரளும், நேரம் இன்னும் வரவில்லை என்றே தெரியும். ஹெச்இசட் 100-இல் 248 நாள், 1000-இல் வெறும் 24.8 நாள். அவ்வளவு இடைவெளி வரக்கூடும் என்றால் லாஸ்ட்டை யு64 ஆக்கி, கெட்_ஜிஃபீஸ்_64-உம் டைம்_ஆஃப்டர்64-உம் பயன்படுத்துங்கள். 32-பிட்டில் ஜிஃபீஸ்_64-ஐ நேரடியாகப் படிக்கக் கூடாது. இரண்டு பாதியும் வெவ்வேறு கணத்தில் வந்துவிடும்.