ஐந்து மாதமாகப் புதுக் கோழி வாங்கவில்லை. மேரக்ஸ் (கோழிக்குக் கால் முடக்கமும் உள்கட்டியும் தரும் வைரஸ் நோய்) எங்கிருந்து வந்தது?

கொருக்குப்பேட்டை மாடி:
மொட்டை மாடியில் ஒன்பது பெருவிடைக் கோழிகள், எல்லாம் ஒரே ஈட்டுக் குஞ்சுகள். முட்டைக்கு வரும் நேரத்தில் கருப்பி நொண்டியது. சுளுக்கு என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டேன். மூன்றாம் நாள் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்துவிட்டது. தீனித் தட்டைப் பார்த்துக் கழுத்தை மட்டும் எட்டுகிறது, எழ முடியவில்லை. செத்த பிறகு டாக்டர் அறுத்துக் காட்டினார். தொடை நரம்பு ஒரு பக்கம் மெல்லிசாக, மறு பக்கம் தடித்து மஞ்சளாக இருந்தது. ஈரலில் வெள்ளைக் கட்டிகள். மேரக்ஸ் என்றார். வெளிக்கோழி எதுவும் மாடிக்கு வரவில்லையே?

ராயபுரம் சேவல்:
காற்றில் வந்திருக்கும். உங்கள் தெருவில் கறிக்கடைக்குக் கூண்டு வண்டி வராத நாள் உண்டா? பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள், மீதி எட்டும் தப்பிக்கும்.

மாதவரம் மாணவி:
அண்ணா, இந்த இடத்தில் நான் உடன்படவில்லை. இறகுத் தூள் காற்றில் பரவும் என்பது சரி. ஆனால் போன வாரம் மூச்சில் போனது இந்த வாரம் ஈரலில் கட்டியாகாது. அக்காவின் கோழிக்குக் குஞ்சிலேயே தொற்றியிருக்கும். இது ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ். முதல் வாரம் வெள்ளணுக்களை அழிக்கும், அப்புறம் டி செல் என்ற வெள்ளணு வகைக்குள் போய் அடங்கிவிடும். தன் டிஎன்ஏவைக் கோழியின் குரோமோசோம் நுனியிலேயே கோத்துக்கொள்ளும். அப்போது கோழி நன்றாக மேயும், கூவும். அதே குடும்பத்துச் சின்னம்மை வந்தவருக்கு அறுபது வயதில் அக்கி வருகிறதே, அது புதுத் தொற்றா? அங்கே நரம்பில் ஒளிந்திருக்கிறது, இங்கே ரத்த அணுவில். முட்டைக்கு வரும் பருவத்தில் உடம்பு தளரும்போது மறுபடி கிளம்பும்.

ராயபுரம் சேவல்:
அப்படியென்றால் மீதி எட்டும் ஏன் திடமாக நிற்கின்றன? ஒரே குஞ்சுக்கூட்டம்தானே.

மாதவரம் மாணவி:
எட்டிலும் வைரஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டி எல்லாவற்றுக்கும் வராது, பிறவியிலேயே தாங்கும் கோழிகள் உண்டு. ஆனால் நோய் காட்டாத கோழியும் இறகு முளைக்கும் குழி வழியாக வைரஸை உதிர்த்துக்கொண்டே இருக்கும், சாகும்வரை. கூண்டுத் தூசியில் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தரையைக் கழுவுவது நல்லதுதான், கோழியின் உள்ளே இருப்பதைக் கழுவ முடியாதே.

ராயபுரம் சேவல்:
அதனால்தான் தடுப்பூசியே வேண்டாம் என்கிறேன். ஊசி போட்ட கோழி சாகாமல் கடுமையான வைரஸைப் பரப்புகிறது என்று 2015-ல் ஆய்வே வந்ததே. பலவீனமானது போகட்டும், தாங்குவது நிற்கட்டும். என் தாத்தா அப்படித்தான் வளர்த்தார்.

மாதவரம் மாணவி:
ஆய்வு உண்மை, மறுக்கவில்லை. மிகக் கடுமையான ரகம் தொற்றிய, ஊசி போடாத குஞ்சுகள் பத்து நாளுக்குள் செத்தன, அதிகம் பரப்ப நேரமில்லை. ஊசி போட்டவை பிழைத்து வாரக்கணக்கில் பரப்பின. இந்த ஊசி கட்டியைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. அதன் குறை அது. ஆனால் அந்த ஆய்வில் செத்தது ஊசி போடாத குஞ்சு. பக்கத்தில் ஊசி போட்ட கோழி இருக்கும் ஊரில் உங்கள் குஞ்சை வெறுமையாக விடுவதா? கருப்பி எழ முடியாமல் கிடந்ததைப் படித்த பிறகும் "போகட்டும்" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கொருக்குப்பேட்டை மாடி:
இப்போது எட்டுக்கும் போடலாமா? பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சுகிறார்கள், பயமாக இருக்கிறது. செவலை வேறு அடையில் உட்கார்ந்திருக்கிறது.

மாதவரம் மாணவி:
மனிதருக்கு வராது அக்கா. எட்டுக்கும் இனி போட்டுப் பயனில்லை, பொரித்த முதல் நாளே போடும் ஊசி இது. செவலையின் முட்டை வழியாக நோய் இறங்காது, ஆனால் தாயின் இறகுத் தூளில் குஞ்சு பொரிக்கக் கூடாது. முட்டைகளை வேறு வீட்டில் இன்குபேட்டரில் வையுங்கள்.

ராயபுரம் சேவல்:
குப்பியை உடைத்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுக்கான மருந்து, கலந்தால் சீக்கிரம் வீணாகிவிடும். பத்துக் குஞ்சுக்கு யார் வாங்குவது? ஊசி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் என் இன்குபேட்டர் சும்மா கிடக்கிறது, என் வீட்டில் இப்போது கோழியும் இல்லை. முட்டையைக் கொண்டு வாங்க அக்கா. பொரிக்கும் தேதி தெரிந்தால் குப்பியைப் பங்கு போட இன்னும் நான்கு பேரைக் கேட்கிறேன்.

கொருக்குப்பேட்டை மாடி:
பதினொரு முட்டை. சாயங்காலம் கொண்டு வருகிறேன்.