பழைய டிஸ்க் இமேஜ், புதிய கம்ப்யூட்டர்: ஏறியதும் ஏறாததும்

ஈரோடு சர்வீஸ்:

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து கடைக்கு ஒரே மாதிரி ஆட்கள்தான் வருகிறார்கள். ஒரு கையில் புதுப் பெட்டி, இன்னொரு கையில் வெளி ஹார்ட் டிஸ்க். "எல்லாம் இதுல இமேஜா இருக்கு சார், அப்படியே ஏத்திக் கொடுத்துடுங்க." இமேஜ் என்றால் டிஸ்கில் இருப்பதை விண்டோஸோடு சேர்த்து முழுசாக எடுத்து வைத்த நகல். அப்படியே ஏறுவதும் உண்டு. ஆனால் பழைய பெட்டி பத்து வயதைத் தாண்டியது என்றால் நேராக ஏறும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை.

சமீபத்தில் வந்தது ஒரு கணக்கு அலுவலகத்தின் கம்ப்யூட்டர். நான்காம் தலைமுறை ஐ3, 1 டிபி சாதா ஹார்ட் டிஸ்க், பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் ஃபர்ம்வேர், அதாவது போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பழைய லெகசி முறையில். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதியில் பேக்கப் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த வசதியை இனிமேல் வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017-லேயே அறிவித்துவிட்டது, இருந்தாலும் கன்ட்ரோல் பேனலில் இன்னும் உட்கார்ந்திருப்பதால் ஜனங்கள் அதைத்தான் அழுத்துகிறார்கள். புதுப் பெட்டியில் 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. ரீஸ்டோர் கொடுத்ததும், இமேஜ் பயாஸ் கம்ப்யூட்டரில் எடுத்தது, இந்தக் கம்ப்யூட்டர் இஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை, யூஇஎஃப்ஐ என்றும் சொல்வார்கள்), வேறு ஃபர்ம்வேருக்கு மாற்ற முடியாது என்று செய்தி வந்து நின்றுவிட்டது. அதைத் தாண்டினாலும் அடுத்த முட்டுக்கட்டை தயாராக இருக்கும்: உள்ளே 140 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றாலும் அந்த வசதிக்குப் பழைய டிஸ்கின் மொத்த அளவுக்குக் குறையாத டிஸ்க் வேண்டும்.

நல்லவேளை, பழைய பெட்டிக்கு உயிர் இருந்தது. அதனால் இமேஜை ஓரமாக வைத்துவிட்டு மூலத்தையே திருத்தலாம் என்று முடிவு செய்தேன். எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளை விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது, டேட்டாவை அழிக்காமல் டிஸ்கின் பார்ட்டிஷன் (பிரிவு) அட்டவணையைப் பழைய எம்பிஆர் முறையிலிருந்து யூஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி முறைக்கு மாற்றிவிடும். முதலில், மாற்ற முடியுமா என்று சோதிக்கும் வேலிடேட் மட்டும் கொடுத்துப் பார்த்தேன். ஃபெயில். காரணம் நம் ஊர் அசெம்பிளிக்காரர்களின் பழக்கம்: சி, டி, இ, எஃப் என்று நாலு டிரைவ் போட்டுக் கொடுப்பார்கள், அதில் சி-யைத் தவிர மற்றதெல்லாம் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் லாஜிக்கல் டிரைவாக இருக்கும். லாஜிக்கல் டிரைவ் ஒன்றே ஒன்று இருந்தால்கூட இந்தக் கட்டளை கையை விரித்துவிடும். மூன்று டிரைவையும் வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனை அழித்தேன். மறுபடி வேலிடேட் கொடுத்ததும் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. மாற்றி, போர்டை யூஇஎஃப்ஐ முறைக்குத் திருப்பி, பழைய பெட்டியிலேயே பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் புதிதாக ஒரு இமேஜ் எடுத்தேன். இந்த முறை பார்ட்டிஷனைத் தனித்தனியாக எடுத்து, அளவைக் குறைத்து ஏற்றவிடும் வேறொரு மென்பொருளில். அது புதுப் பெட்டியில் சமர்த்தாக ஏறியது. அப்புறம் அங்கேயே 11-க்கு அப்கிரேடு.

மிச்சம் இருந்தது ஆக்டிவேஷன். புதுப் போர்டில் பொதிந்து வந்தது ஹோம் பதிப்பின் கீ, இமேஜில் இருந்ததோ ப்ரோ. ஹோம் கீயில் ப்ரோ ஆக்டிவேட் ஆகாது. பழைய ப்ரோ, பெட்டியோடு வந்த ஓஇஎம் உரிமம், அந்த மதர்போர்டோடு அதன் கதை முடிந்தது. ப்ரோ உரிமம் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. இந்தச் செலவை முதலிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள், கடைசியில் சொன்னால் நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

உங்களுக்கு எங்கே மாட்டியது, எப்படி விடுபட்டீர்கள், எழுதுங்கள். சும்மா 'ஃப்ரெஷ் இன்ஸ்டால் போடுங்க' என்று ஒரு வரியில் யாரும் போக வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்.

நீலத்திரை நேசன்:

அண்ணா, எனக்கு மாட்டியது டிஸ்கே கண்ணில் படாததுதான். ரெஸ்க்யூ பென் டிரைவில் (இமேஜை ஏற்றும் மென்பொருள் இருப்பது) பூட் ஆகிறது, இமேஜ் இருக்கும் யுஎஸ்பி டிஸ்க் தெரிகிறது, லேப்டாப்பின் சொந்த எஸ்எஸ்டி மட்டும் பட்டியலில் இல்லை. எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்து வாரண்டிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எஸ்எஸ்டியில் ஒன்றும் இருக்காது. 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல இன்டெல் லேப்டாப்புகளில் விஎம்டி என்ற ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் வசதி ஆன் செய்யப்பட்டே வருகிறது. என்விஎம்இ அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும், அதற்கான டிரைவர் இல்லாத எந்த ரெஸ்க்யூ சூழலுக்கும் டிஸ்க் தெரியாது.

இரண்டு வழி. பயாஸில் விஎம்டியை அணைப்பது, அல்லது இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை விரித்து, உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் கோப்புகளோடு ரெஸ்க்யூ பென் டிரைவில் சேர்ப்பது. நான் முதல் வழியில் போனேன், டிஸ்க் தெரிந்தது, இமேஜ் ஏறியது, பூட்டும் ஆனது. ஒரு எச்சரிக்கை: லேப்டாப்போடு வந்த விண்டோஸ் விஎம்டி ஆன் நிலையில் போடப்பட்டது, அதை வைத்துக்கொண்டே சுவிட்சை அணைத்தால் 'இன்அக்ஸெசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வரும். அப்படி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குள் போய் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை பூட் ஆகவிட்டு, டிக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிட்லாக்கர் (டிஸ்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் சஸ்பெண்ட் செய்யுங்கள், இல்லையென்றால் அது ஒரு தனி ரகளை.

அச்சுக்கூடம்:

ஃப்ரெஷ் இன்ஸ்டால் எல்லாருக்கும் தெரியும் என்று சர்வீஸ் தம்பி சொன்னது சரி, ஆனால் எல்லாருக்கும் முடியாது. எங்கள் டிடிபி கடையில் இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளாக இருக்கின்றன, எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் 'நிகழும் மங்களகரமான' என்ற வரி ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கும். இன்ஸ்டால் சிடி எங்கே போனதோ. அதனால் விண்டோஸ் 7, 32 பிட் பெட்டியை அப்படியே காப்பாற்றியாக வேண்டும், புதுப் பெட்டியிலோ விண்டோஸ் 7-க்கு டிரைவரே கிடைக்காது.

நான் செய்தது, பழையதைப் புதியதுக்குள் ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டராக ஓட்டுவது. சிஸ்டம் இமேஜில் இருக்கும் விஎச்டி (மெய்நிகர் டிஸ்க்) கோப்பை நேராக மாட்டிப் பார்த்தேன், பூட் ஆகவில்லை. அந்த வசதி ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனித்தனி விஎச்டி எழுதுகிறது, பூட் பகுதி ஒன்றில், விண்டோஸ் இன்னொன்றில். கோப்பை எடுக்க அது போதும், ஓட்ட உதவாது. ஓட்ட வேண்டுமானால் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் டிஸ்க்2விஎச்டி. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியையே முழு டிஸ்காக ஒரே கோப்பில் எழுதிக் கொடுக்கும், காசும் கிடையாது.

அதை, மெய்நிகர் கம்ப்யூட்டர் ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் மாட்டினேன். விண்டோஸின் சொந்த ஹைப்பர்-வி நல்லதுதான், ஆனால் ஹோம் பதிப்பில் இல்லை, யுஎஸ்பி டாங்கிளையும் (மென்பொருளுக்குச் சாவி மாதிரி செருகுவது) உள்ளே விடாது. எங்களிடம் டாங்கிள் கேட்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. முதலில் சாட்டா கன்ட்ரோலரில் கொடுத்தேன், நீலத் திரை. பழைய பெட்டியில் டிஸ்க் பழைய ஐடிஇ முறையில் ஓடியது, விண்டோஸ் 7 தனக்குத் தேவைப்படாத ஏஎச்சிஐ (சாட்டா டிஸ்குக்கான புதிய முறை) டிரைவரை அணைத்து வைத்துவிடும். ஐடிஇ கன்ட்ரோலருக்கு மாற்றியதும் பழைய வால்பேப்பரோடு எழுந்து வந்தது. இன்டர்நெட்டைத் துண்டித்தே வைத்திருக்கிறேன், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பிரிண்ட் மட்டும் நேராகக் கொடுப்பதில்லை. பிடிஎஃப்பாக எடுத்து, பகிர்ந்த ஃபோல்டரில் போட்டு, வெளியே இருக்கும் விண்டோஸ் 11-லிருந்து அடிக்கிறோம்.

இதிலும் ஆக்டிவேஷன் மறுபடி கேட்கும், வேறு பெட்டிக்கு மாற்றக்கூடிய ரீடெயில் உரிமமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரிவாசி:

என் கதை பிட்லாக்கர். அக்காவின் லேப்டாப்பில் மதர்போர்டு செத்துவிட்டது, எஸ்எஸ்டி நன்றாக இருந்தது. அதைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டு இமேஜ் எடுத்தேன். உள்ளே பாதிகூட நிரம்பவில்லை என்று அக்கா சொன்னாள், இமேஜோ டிஸ்கின் முழு அளவுக்கு வந்து நின்றது. அப்போதே பொறி தட்டியது. பூட்டிய பார்ட்டிஷனை மென்பொருளால் படிக்க முடியாது, எது காலி எது நிரம்பியது என்று தெரியாமல் செக்டர் செக்டராக அள்ளும். பூட்டோடு அள்ளிய இமேஜ் பூட்டோடுதான் இறங்கும். (விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, பூட்டு திறந்த நிலையில் எடுக்கும் இமேஜ் இப்படி இருக்காது, அதில் டேட்டா திறந்தே இருக்கும், அதனால் அந்த டிஸ்கை நீங்கள்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.)

அக்கா பிட்லாக்கர் என்ற பெயரையே கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியதும் இல்லை, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் செய்தால் பிட்லாக்கரின் எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் நிறைய கம்ப்யூட்டர்களில். 48 இலக்க மீட்புக் கீ அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அவள் கணக்கில் தேடினால் ஒன்றுமே இல்லை. பிறகுதான் தெரிந்தது, வாங்கிய கடையில் 'நாங்களே செட்டப் பண்ணித் தர்றோம்' என்று கடையின் கணக்கில் உள்ளே போயிருக்கிறார்கள்! கடைக்குப் போனால் அந்தக் கணக்கில் வரிசையாக யார் யாருடைய கம்ப்யூட்டரோ. திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தை வைத்துப் பொருத்திப் பார்த்து எடுத்தோம். கீ கொடுத்ததும் கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் வந்துவிட்டது, அலைந்ததெல்லாம் அந்தக் கீக்காகத்தான். ஊரார் கம்ப்யூட்டர் சாவியெல்லாம் ஒரு கடைப் பையன் கணக்கில் இருக்கிறது என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. புது லேப்டாப் வாங்குகிறவர்கள் முதல் சைன்-இன் மட்டுமாவது வீட்டில் நீங்களே செய்யுங்கள்.

பெங்குவின் பக்தன்:

லினக்ஸ் பக்கம் இதெல்லாம் எளிது என்று சொல்ல வந்தேன், பாதிதான் உண்மை. டிரைவர் பிரச்சினை குறைவு, கெர்னல் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். நான் பயன்படுத்துவது குளோன்ஜில்லா என்ற இமேஜ் மென்பொருள், தைவானின் என்சிஎச்சி கணினி மைய ஆட்கள் உருவாக்கியது. அதுவும் இயல்பாகப் பழைய டிஸ்க் அளவோ அதற்கு மேலோ கேட்கும். 500 ஜிபி என்று இரண்டு டிஸ்கிலும் ஒட்டியிருக்கும், ஆனால் செக்டர் எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அந்தக் கொஞ்சத்துக்கே மறுத்துவிடும். பார்ட்டிஷனைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு இமேஜ் எடுங்கள், ஏற்றும்போது டிஸ்க் அளவு சோதனையைத் தவிர்க்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஏறிய பிறகும் பூட் ஆகவில்லை என்றால், யூஇஎஃப்ஐயின் பூட் பட்டியல் டிஸ்கில் இல்லை, மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. புது போர்டுக்கு உங்கள் உபுண்டுவைப் பற்றி எதுவும் தெரியாது. லைவ் பென் டிரைவில் பூட் செய்து இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் பதிந்துவிடலாம். முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்கைக் கூடவே மாட்டி வைக்காதீர்கள், இரண்டுக்கும் ஒரே யூயூஐடி (அடையாள எண்) இருப்பதால் எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. புதியதில் வேலை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பழையதில் எழுதிக்கொண்டிருப்போம்.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் டெக்னிக்கலாகப் பேசுகிறீர்கள், என்னுடையது சின்னச் சந்தேகம். இமேஜை வெரிஃபை செய்தால் பிழை என்கிறது, ஆனால் டபுள் கிளிக் செய்தால் திறக்கிறது, ஃபோல்டர்கள் எல்லாம் தெரிகின்றன. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போனால் அனுமதி இல்லை என்கிறது. இமேஜ் கெட்டுவிட்டதா?

ஈரோடு சர்வீஸ்:

அது இரண்டு தனித்தனி விஷயம் சார். அனுமதி இல்லை என்பது கெட்டுப்போனதால் இல்லை, அந்த ஃபோல்டர் பழைய கம்ப்யூட்டரின் யூசர் பெயரில் இருக்கிறது, புதுக் கம்ப்யூட்டருக்கு அவர் யாரென்று தெரியாது. அட்மினாக கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளையை /பி (/B) விருப்பத்தோடு ஓட்டுங்கள், பேக்கப் உரிமையில் படித்துவிடும். மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரையும் எடுங்கள். ஆனால் குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் அந்த ஃபோல்டரைக் காப்பி செய்வதால் வராது, பழைய விண்டோஸ் யூசரோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. பழைய கம்ப்யூட்டர் ஓடினால் அதிலிருந்தே ஏற்றுமதி செய்யுங்கள்.

வெரிஃபை பிழைக்கு ஒரு கேள்வி: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்திலா?

கணக்குப்பிள்ளை:

வேறு வேறு இடம் சார். ஒருமுறை 30 சதவீதத்தில், அப்புறம் கடைசிக்குப் பக்கத்தில்.

ஈரோடு சர்வீஸ்:

அப்படியானால் கோப்பைவிட ரேம், கேபிள் மேல்தான் முதல் சந்தேகம். ஒரே இடத்தில் நின்றால்தான் கோப்போ டிஸ்கோ அந்த இடத்தில் கெட்டிருக்கும். யுஎஸ்பி ஹப் இருந்தால் எடுத்துவிட்டு நேராக மாட்டி, வேறு கம்ப்யூட்டரில் வெரிஃபை செய்து பாருங்கள். அங்கே பாஸ் ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். பிழை காட்டினால் ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி சோதியுங்கள். ஒருவேளை இமேஜ் எடுத்ததும் அதே ரேமில்தான் என்றால், எழுதும்போதே தப்பாக எழுதியிருக்கலாம், வேறு கம்ப்யூட்டரிலும் பிழை வரும், அப்போது பழைய டிஸ்கிலிருந்து புதிதாக எடுப்பதைத் தவிர வழியில்லை.

கணக்குப்பிள்ளை:

பழைய டிஸ்கைப் பையன் சினிமா படங்கள் போட்டு வைக்க வேண்டும் என்று கேட்டான், நாளைக்கு ஃபார்மேட் செய்து கொடுக்கலாம் என்றிருந்தேன்.

ஈரோடு சர்வீஸ்:

கொடுக்காதீர்கள் சார். டாலி (கணக்கு மென்பொருள்) இருக்கிறதா அதில்? பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே உரிமத்தை சரண்டர் செய்துவிட்டு வந்து எழுதுங்கள், மிச்சத்தைப் பார்ப்போம்.