அமெரிக்காவில் தொழுநோய்: குடியேறியவர்களிடமும் அங்கேயே பிறந்தவர்களிடமும் பார்ப்பவை

தோல் மருத்துவர்:
அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 150 முதல் 250 பேருக்குத்தான் புதிதாகத் தொழுநோய் பதிவாகிறது. இவர்களில் கணிசமானோர் பிற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் போக்கைப் பாருங்கள். வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் புதிய நோயாளிகள் 1994–96இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு 3.66 ஆக இருந்தது, 2009–11இல் 2.29க்கு இறங்கியது. அங்கேயே பிறந்தவர்களிடம் இரண்டு காலத்திலும் அதே 0.16. "வந்தவங்கதான் பரப்புறாங்க" என்பது உண்மையானால் இரண்டும் சேர்ந்தல்லவா இறங்கியிருக்கணும்?

டெக்சாஸ், லூசியானா, ஃப்ளோரிடாவில் வெளிநாடே போகாதவர்களுக்கும் வருகிறது. ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்த காட்டு விலங்கிடமும் அந்தப் பகுதி நோயாளிகளிடமும் இருப்பது ஒரே வகைக் கிருமி என்று 2011இல் மரபணு ஒப்பீடு காட்டியது. அதனால் "எந்த ஊர்ல பொறந்தீங்க?" என்பதோடு நிறுத்தாமல், வேட்டை, தோலுரிப்பு, தோட்ட வேலை பற்றியும் கேளுங்கள். அது எதுவுமே இல்லாத நோயாளிகளும் மத்திய ஃப்ளோரிடாவில் உண்டு. பயணம் இல்லை என்பதற்காக இந்த நோயை ஒதுக்கிவிடாதீர்கள்.

குடியேறியவர்களிடம் சிக்கல் வேறு. கிருமி உள்ளே போய் நோய் தெரிய சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும். விசா மருத்துவப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்பது பின்னாளுக்கு உத்தரவாதம் ஆகாது. படர்தாமரை என்று நினைத்து களிம்பு மேல் களிம்பாக எழுதுவதிலேயே மாதங்கள் போய்விடும்.

ஆய்வகத்திலிருந்து:
டாக்டர் சொன்னதோடு ஒன்று. பயாப்சியை, அதாவது சோதனைக்கான தோல் துண்டை, தேமலின் நடுவில் எடுக்காதீர்கள். தடித்துச் சிவந்திருக்கும் ஓரத்தில், கொழுப்புப் படலம் வரை ஆழமாக எடுங்கள். மேலோட்டமாகச் சீவினால் இந்தக் கிருமி தாக்கும் நரம்பே வராது. படிவத்தில் "தொழுநோயா?" என்று கட்டாயம் எழுதுங்கள். வழக்கமான காசநோய்ச் சாயமுறையில் அமிலம் இந்தக் கிருமியின் நிறத்தைக் கழுவிவிடும், ஃபைட் என்ற தனிச் சாயமுறை வேண்டும். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) கேட்டுப் பயனில்லை, இது தட்டில் வளராது.

சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்:
தேமலில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும், ஆனாலும் விட்டுப்போவது அதுதான். பஞ்சு நுனியால் முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். இழுக்காமல், தேய்க்காமல் தொட வேண்டும். அரிக்காத, மரத்துப்போன தேமல் என்றால் முழங்கை நரம்பையும் முழங்காலின் வெளிப்புற நரம்பையும் இரண்டு பக்கமும் தடவி ஒப்பிடுங்கள்.

டாப்சோன் என்ற தொழுநோய் மாத்திரையைத் தொடங்கும் முன் ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனை அவசியம்; அந்த நொதி குறைவாக இருந்தால் ரத்த அணுக்கள் உடையும். மருந்து சாப்பிடும்போதே தேமல் திடீரென்று வீங்கிச் சிவந்தால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருந்து தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. செத்த கிருமிக்கு எதிராகவும் உடல் கிளர்ந்து எழும். மாத்திரை தொடர வேண்டும். நரம்பு வலியோ பலவீனமோ இருந்தால் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு உடனே வேண்டும், தாமதித்தால் கை மடங்கிவிடும். ஆனால் வெப்பநாடுகளில் வாழ்ந்தவர்களுக்கு ஸ்டீராய்டுக்கு முன் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடல் புழு இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளே இருந்தால் ஸ்டீராய்டில் பெருகி உயிருக்கே ஆபத்தாகும்.

அமெரிக்க அரசின் தேசிய ஹான்சன் நோய்த் திட்டம் (ஹான்சன் நோய் என்பது தொழுநோயின் இன்னொரு பெயர்) மருந்தை இலவசமாகவே தருகிறது. செலவுக்குப் பயந்து வராமல் இருப்பவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.