ஈஸ்ட் பாட்டில் சிஓ2 நாலே நாள்ல படுத்துடுது, என்ன பண்ணலாம்?

மக்களே, செடி வளக்கற 60 லிட்டர் மீன் தொட்டிக்கு வீட்லயே சிஓ2 (செடிங்களுக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு கேஸ்) செட் பண்ணிருக்கேன், 2 லிட்டர் பாட்டில்ல 2 கப் சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட், வெதுவெதுப்பா தண்ணி, அவ்ளோதான். மொத ரெண்டு நாள் செகண்டுக்கு ஒரு குமிழி வந்துச்சு, நாலாவது நாள் நிமிஷத்துக்கு அஞ்சோ ஆறோதான், மூடில ட்யூப் நுழையற எடத்துல சோப்புத்தண்ணி தடவிப் பாத்துட்டேன், லீக் இல்ல. ஈஸ்ட்ட கொறச்சா மெதுவா நெறைய நாள் வருமா?

இன்னொரு பயம், இத ராத்திரி நிறுத்தவே முடியாதே, விடியக்காலைல மீனுங்க மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க, இப்போதைக்கு லைட் அணைச்சதும் ஏர் பம்ப் போட்டு விடறேன். சிட்ரிக் ஆசிட், பேக்கிங் சோடா ரெண்டு பாட்டில் செட்டுக்கு மாறினவங்க இருந்தா, அதுல ராத்திரி கேஸ் வராம வால்வ தைரியமா மூடி வைக்கலாமான்னு சொல்லுங்க. பாட்டில் வெடிச்சா வீட்ல என்னையும் சேத்து வெளிய போட்ருவாங்க.