டிராகுலாவைக் குழுவாக வாசித்தல்: அத்தியாய வரிசையா, தேதி வரிசையா?

கேள்வி – அந்தி வாசகர்

எங்கள் வாசிப்புக் குழுவில் எட்டுப் பேர் இருக்கிறோம். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கூடிப் பேசுகிறோம். இம்முறை பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட டிராகுலாவைத் தேர்ந்தெடுத்தோம். முதல் கூட்டத்திற்கு நான்கு அத்தியாயங்கள் போதும் என்று பேசி வைத்திருந்தும், இருவர் ஒரே வாரத்தில் நாவல் முழுவதையும் முடித்துவிட்டார்கள். அவர்கள் வாய் திறக்காவிட்டாலும் அவர்களுடைய முகக்குறிப்பே பின்னால் வரப்போவதைச் சொல்லிவிடுகிறது என்று ஒருவர் வருந்தினார். அது நியாயமான வருத்தம் என்றே எனக்கும் படுகிறது. நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆன நாவல் என்பதால், மே 3 அன்று எழுதப்பட்ட பகுதியை மே 3 அன்றே வாசிப்பது என்று தேதிப்படி போனால் யாரும் முந்த முடியாது என்பது இன்னொருவரின் யோசனை. மேலும், அண்மைக்கால மிகுபுனைவுகளை மட்டுமே வாசித்த மூவர், வெயில் பட்டதும் இரத்தக் காட்டேரி எரிந்துபோகும் என்ற எதிர்பார்ப்புடன் இருக்கிறார்கள். இவற்றை எப்படிக் கையாளலாம்?

மறுமொழி – பழைய அலமாரி

அத்தியாய வரிசையிலேயே செல்லுங்கள். டிராகுலா பிரபுவின் கோட்டையில் அடைபட்ட ஜோனதன் ஹார்க்கரின் நாட்குறிப்பு நான்காம் அத்தியாயத்தில் ஜூன் 30 அன்று, அவர் உயிர் பிழைப்பாரா என்பதே தெரியாத நிலையில் நின்றுவிடுகிறது. பக்கத்தைப் புரட்டினால், மே 9 அன்று, ஹார்க்கரை மணக்கவிருக்கும் மீனா தன் தோழி லூசிக்கு எழுதிய, கவலையின் சாயலே இல்லாத கடிதம் தொடங்குகிறது. அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் நம்மைப் பதறச் செய்வதற்குக் காரணம், மீனாவுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருப்பதுதான். தேதிப்படி அடுக்கினால் அக்கடிதம் கோட்டை நிகழ்ச்சிகளுக்கு நடுவே போய் விழும். ஸ்டோக்கர் எண்ணிச் செய்த அந்த அமைப்பு குலைந்துவிடும்.

வெயிலைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இந்த நாவலில் பிரபு பகலில் வலிமை குன்றியிருந்தாலும் வெளியே நடமாடுகிறார். இலண்டனின் பிக்கடில்லியில் பட்டப்பகலில் ஹார்க்கர் அவரைக் காண்கிறார். சூரிய ஒளியே காட்டேரியை அழிக்கும் என்ற வழக்கம் 1922இல் வந்த நொஸ்ஃபெராட்டு என்ற மௌனப் படத்திலிருந்து பரவியது.

மறுமொழி – மெல்ல வாசிப்பவள்

முதல் வாசிப்புக்கு அத்தியாய வரிசையே சரி என்பதை ஏற்கிறேன். ஆனால் இரண்டாம் முறை நான் தேதிப்படி வாசித்தபோது கிடைத்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். மே 31க்குப் பிறகு ஹார்க்கரின் அடுத்த குறிப்பு ஜூன் 17 அன்றுதான் வருகிறது. புத்தகத்தில் அது ஒரு வரி இடைவெளி. தேதிப்படி வாசிப்பவருக்கோ இரண்டு வாரத்திற்கும் மேற்பட்ட மௌனம். கோட்டைக்குள் அடைபட்ட ஒருவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லாமல் அத்தனை நாட்கள் காத்திருந்தபோது, சிறைப்பட்டிருப்பதன் நீளம் எனக்கு முதன்முறையாகப் புரிந்தது. ஆகவே, முழுவதையும் முடித்துவிட்ட அந்த இருவரிடம் தேதிவாரியான மறுவாசிப்பை ஒப்படையுங்கள். அவர்களுக்கும் பேசுவதற்குப் புதிதாக ஏதேனும் இருக்கும்.

மறுமொழி – விளிம்புக் குறிப்பு

உங்கள் குழுவில் இன்னும் முடிக்காதவர்கள், 21ஆம் அத்தியாயத்தைத் தாண்டிய பின் இதை வாசிக்கட்டும்.

நான் இந்த நாவலை நேசிப்பதற்கு முதற்காரணம், அதற்குள்ளேயே ஒரு வாசிப்புக் குழு இருப்பதுதான். ஹார்க்கர் சுருக்கெழுத்தில் எழுதுகிறார். மருத்துவர் செவார்ட் தம் நாட்குறிப்பை ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியின் உருளைகளில் பேசிப் பதிவு செய்கிறார். ஆளுக்கொரு துண்டு உண்மை மட்டுமே தெரியும். மீனா எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, 17ஆம் அத்தியாயத்தில் கணவர் ஹார்க்கருடன் சேர்ந்து தேதிப்படி அடுக்கிய பிறகே, தாங்கள் எதிர்கொள்வது என்ன என்பது அனைவருக்கும் முழுமையாக விளங்குகிறது. அதன் பின், அவளைப் பாதுகாப்பதாக எண்ணி ஆண்கள் அவளிடம் எதையும் சொல்லாமல் மறைக்கிறார்கள். பிரபு அவளை நெருங்குவது அந்த நாட்களில்தான். அவர் மூலப்பிரதியையும் உருளைகளையும் தீயிலிட்டு அழிக்கிறார். பாதுகாப்புப் பெட்டியில் இன்னொரு பிரதி இருந்ததால் ஆவணங்கள் தப்புகின்றன. பிரபுவோ ஒரு சிறு வரவேற்புக் கடிதம் போன்றவற்றைத் தவிர, தம் தரப்பை எங்கும் எழுதுவதில்லை. அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பிறர் எழுதியவற்றிலிருந்தே.

எனவே கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் குறிப்புகளுக்குப் பொறுப்பேற்று, அந்தத் தேதி வரை அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை மட்டும் பேசிப் பாருங்கள். முடித்தவர்களும் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டியிருப்பதால், கதை கசிவதற்கான வாய்ப்பும் குறையும்.

அந்தி வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முடித்துவிட்ட இருவரும் தேதிவாரியான மறுவாசிப்புக்கு மகிழ்ச்சியுடன் இசைந்துவிட்டார்கள். மீனாவின் பொறுப்பை, முதல் கூட்டத்தில் வருந்திய அதே நண்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த கூட்டம் மே 9 கடிதத்தை அவர் உரக்க வாசிப்பதுடன் தொடங்கும்.