மறு: ‘மாடலர்’, ‘ரிப்பேரர்’: பழைய பீங்கான் உருவங்களுக்கான கலைச்சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பீங்கான் உருவங்களைச் சேகரிப்போருக்காக நாம் தயாரிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், ஓர் உருவத்தை உருவாக்குவதில் பங்குள்ள எல்லாருக்கும் ‘வடிவமைப்பாளர்’ என்ற ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாற்காலிக்கும் துணிக்கும் அந்தச் சொல் போதும், பீங்கானுக்குப் போதாது. ஒரு பொம்மையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

ஜெர்மனியின் மைசன் பீங்கான் தொழிற்சாலையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த ஓர் உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நீலத்தில் குறுக்காக இரண்டு வாள்கள் இருக்கும். அது தொழிற்சாலையின் முத்திரை, எல்லாரும் தேடுவது அதைத்தான். பக்கத்திலேயே, சுடுவதற்கு முன் மண்ணில் கீறிய ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் ஓர் எழுத்தோடு சேர்ந்து வரும். கொஞ்சம் தள்ளி, அழுத்திப் பதித்த இன்னோர் எண். அப்புறம் தூரிகையால் வண்ணத்தில் எழுதிய மூன்றாவது எண். கீறிய எண் அது எந்த மூல உருவின் பிரதி என்று சொல்கிறது, அதை வைத்துத்தான் படைத்தவரைக் கண்டுபிடிக்கிறோம். பதித்த எண் அந்தக் குறிப்பிட்ட பிரதியைத் துண்டு துண்டாகச் சேர்த்து முடித்தவருடையது. எழுதிய எண் வண்ணம் தீட்டியவருடையது. ஒரு சாண் உயரப் பொம்மையில் மூன்று பேருடைய கை இருக்கிறது, நாம் மூவரையும் ‘வடிவமைப்பாளர்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்தால் படிப்பவருக்கு என்ன புரியும்?

முதலாமவர், அதாவது மூல உருவைப் படைத்தவர், மாடலர். மைசனில் யோகான் யோவாகிம் கெண்ட்லர் 1731இல் சேர்ந்து 1775இல் இறக்கும்வரை வேலை பார்த்தார், அவருடைய மூல உருவங்களிலிருந்து அந்தத் தொழிற்சாலை இன்றும் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் ‘கெண்ட்லர் செய்த பொம்மை’ என்று விற்பனைக் குறிப்பில் எழுதியிருந்தால், அந்தப் பொருள் அவர் இறந்து நூறு வருஷத்துக்குப் பிறகு சூளையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். உரு அவருடையது, பொருள் வேறு யாரோ செய்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே காட்டிவிட வேண்டும் என்பதுதான் என் வாதம். ஆகவே மாடலருக்கு ‘மூலவுருச் சிற்பி’ என்று முன்மொழிகிறேன். ‘மாதிரியாளர்’ என்று ஒருவர் சொன்னது சுருக்கமாக இருந்தாலும், மாதிரி என்றதும் விளம்பரத்துக்கு நிற்பவர் நினைவுக்கு வருகிறார்.

உண்மையான சிக்கல் இரண்டாமவரிடம்தான். ஜெர்மனில் பொஸியரர் என்கிறார்கள், 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தொழிற்சாலைகளில் அவர் பெயர் ரிப்பேரர். அதைப் பார்த்து ‘பழுதுபார்ப்பவர்’ என்று பட்டியலில் ஏற்றியிருக்கிறோம், தயவுசெய்து அதை உடனே எடுத்துவிடுங்கள். இவர் உடைந்ததை ஒட்டுபவர் இல்லை. சிற்பி செய்த மூல உருவைத் தலை, கை, உடல், அடிப்பீடம் என்று வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு எடுப்பார்கள். அச்சிலிருந்து வரும் ஈரத் துண்டுகளை மண்குழம்பு தடவி ஒட்டி, ஒட்டின தடம் தெரியாமல் வழித்து, மழுங்கிப்போன விரலையும் தலைமுடியையும் சிறு கருவிகளால் மறுபடி கூர்மையாக்கி, சூளையில் பீங்கான் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் நீட்டிய கை தொங்கிவிடாமல் முட்டுக் கொடுத்து அனுப்புவது இவர் வேலை. ஜெர்மனியின் நிம்ஃபன்பூர்க் பீங்கான் தொழிற்சாலையில் பிரான்ஸ் ஆன்டன் பூஸ்டெல்லி படைத்த 16 இத்தாலிய நாடகப் பாத்திரங்களைப் பாருங்கள், அவற்றின் உயிரே கழுத்தின் சாய்விலும் விரல் நுனியிலும்தான் இருக்கிறது. ஒட்டும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டால் அந்தக் குறும்பு போய்விடும். ஒரே அச்சில் வந்த இரண்டு பிரதிகளில் ஒன்று துள்ளலாகவும் மற்றொன்று விறைப்பாகவும் இருப்பதற்கு இவர் கைதான் பெரும்பாலும் காரணம்.

போ (Bow), வூஸ்டர், பிரிஸ்டல் ஆகிய 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தொழிற்சாலைகளின் பொருள்களில் டி, ஓ என்ற இரண்டு எழுத்துகள் பதித்த குறி ஒன்று வருமே, அது டீபோ என்பவருடையது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவரைச் சில நூல்கள் மாடலர் என்கின்றன, சில ரிப்பேரர் என்கின்றன. தமிழில் இரண்டுக்கும் தனிச் சொல் இல்லாவிட்டால் இந்த விவாதத்தையே எழுத முடியாது.

வந்த பரிந்துரைகளில் ‘ஒட்டுநர்’ ஓட்டுநரோடு குழம்பும். ‘பொருத்துநர்’ இயந்திரப் பட்டறை வாசனை அடிக்கிறது, கைநுணுக்கம் அதில் இல்லை. ‘புனைஞர்’ அழகான சொல், ஆனால் கதை எழுதுபவர் ஏற்கெனவே அதில் உட்கார்ந்துவிட்டார். என் தேர்வு ‘இழைப்பாளர்’. இழைத்தல் என்றால் செய்தல், பதித்தல், தேய்த்து வழவழப்பாக்குதல் எல்லாம் அடங்கும், இவர் செய்வதும் அந்த மூன்றும்தான். ‘தீங்கிழைத்தல்’ நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். ‘இழைத்து இழைத்துச் செய்திருக்கிறான்’ என்று பாராட்டாகவும் தினமும் சொல்கிறோமே, அது போதும்.

உருவங்களை விட்டுக் கோப்பை, தட்டு என்று போனால் வேறு ஒரு பிரிவு வருகிறது. லெனின்கிராடின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) லொமனோசவ் பீங்கான் தொழிற்சாலையின் ‘கோபால்ட் வலை’யைச் சேகரிக்காதவர் குறைவு. அந்த நீல வலைக்கோலம் 1940களின் நடுவில் அன்னா யாட்ஸ்கெவிச் அமைத்தது, 1958இல் பிரசல்ஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. ஆனால் அது ஏறி நிற்கும் ‘டியூலிப்’ வடிவம் செராஃபிமா யாகவ்லெவாவுடையது. வலையைப் புகழ்கிறவர்கள் யாகவ்லெவாவை அநேகமாகச் சொல்வதே இல்லை, அது எனக்கு வருத்தம். இங்கே யாகவ்லெவா வடிவமைப்பாளர், யாட்ஸ்கெவிச் ‘ஓவிய அமைப்பாளர்’, அந்தக் கோலத்தை ஒவ்வொரு கோப்பையிலும் போடுகிறவர் ‘தீட்டுநர்’ என்று பிரித்துக்கொள்ளலாம். ‘அலங்கரிப்பாளர்’ வேண்டாம், மேடையும் பூமாலையும் கண்முன் வருகின்றன.

பீங்கான் என்ற சொல்லை மாற்ற வேண்டும் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. பாரசீகத்திலிருந்து வந்ததாக இருந்தாலும் அது எப்போதோ நம் சொல்லாகிவிட்டது.

பட்டியலில் இன்னும் ‘பிஸ்கட்’ அப்படியே நிற்கிறது. பளபளப்புப் பூச்சு இல்லாமல் பளிங்கு போல விடப்பட்ட உருவங்களை, பிரான்ஸின் செவ்ர் தொழிற்சாலையில் 1757 முதல் 1766 வரை சிற்பப் பிரிவை நடத்திய சிற்பி ஃபால்கோனே புகழ்பெறச் செய்த அந்த வகையை, ‘பூச்சிலாப் பீங்கான்’ என்று வைத்துக்கொள்ளலாமா? இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.